அஜெண்டாவில் இல்லாத ஒரு கேள்வி

சுயம்புலிங்கம் அண்ணாச்சி காலமான செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவருடைய மூத்த மகன் போனில், "அப்பா தூக்கத்துலயே போயிட்டாவ" என்று மட்டும் சொன்னான். அழுகை வந்தது. ஆனால் பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு கம்பெனியின் தலைவர் இறந்துபோனால் அதைச் சந்தைக்கு உடனே தெரிவிக்க வேண்டும், அது கம்பெனி செக்ரட்டரியான என் வேலை. கையைக் கழுவிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். பெயர், பதவி, மறைந்த நாள், ஆழ்ந்த வருத்தம் எல்லாம் இரண்டே வரியில் அடங்கிவிட்டன. அனுப்பிய பிறகு மேசையில் தலையை வைத்து அழுதேன். அந்த இரண்டு வரி போதாது என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

துறைமுகத்துப் பக்கம் வேலை பார்க்கிற உங்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தேரிக்காட்டிலிருந்து வந்து, உப்புக் கமிஷன் வியாபாரத்தில் ஆரம்பித்து, சரக்கு கிளியரிங், குடோன், ஏற்றுமதி என்று வளர்ந்தவர். வெள்ளை வேட்டி, நெஞ்சுப் பையில் எட்டிப் பார்க்கும் மூக்குக் கண்ணாடி. போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவர் வீட்டு ரகசியம் லாரி டிரைவர்கள் வரைக்கும் தெரிந்திருக்கும். நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காட்டுக்காரி, சட்டத்தில் எழுதியிருப்பதைத் தவிர வேறெதையும் நம்பாதவள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆபீஸில் உட்காரவைத்த கடவுளுக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம் என்று நினைத்துக்கொள்வேன்.

புதுக் குடோன் கட்டப் பணம் வேண்டியிருந்தது. வங்கிக் கடன் ஏற்கெனவே கழுத்தளவு. கம்பெனியின் ஒரு பகுதியைப் பங்குகளாகப் பொதுமக்களுக்கு விற்றுப் பணம் திரட்டலாம், ஐபிஓ போகலாம் என்று ஆடிட்டர் யோசனை சொன்னார். அதுவரை குடும்பத்தார் மட்டுமே பங்குதாரர்கள். போர்டு மீட்டிங் என்றால் அண்ணாச்சி, அவர் மனைவி, மைத்துனர் மூவரும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டபடி தலையாட்டுவது. "ஊர்க்காரங்க காசு போட்டா ஊர்க்காரங்க வந்து கேள்வி கேட்பாங்க அண்ணாச்சி. வருஷத்துக்கொருமுறை பொதுக்கூட்டம் போட்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லணும்" என்றேன். "கேக்கட்டும். கடையைத் திறந்து வச்சுக்கிட்டு, உள்ள வாரவன எதுக்கு வாரன்னு மறிக்கவா முடியும்?" என்றார்.

அப்படித் தொடங்கியதுதான். ஆனால் கடையைத் திறப்பதற்கு முன்னால் வீட்டையே திறந்து காட்ட வேண்டும் என்பது அவருக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. சென்னையிலிருந்து மெர்ச்சன்ட் பேங்கர் ஒருவர் வந்தார். பங்கு வெளியீட்டை முன்நின்று நடத்தித் தருகிறவர்களை அப்படிச் சொல்வார்கள். கெட்டிக்கார இளைஞர், பெயர் அரவிந்த். அண்ணாச்சிக்குக் கடைசிவரை 'சென்னைத் தம்பி'தான். கம்பெனியைப் பற்றிய சகலத்தையும் எழுதி ஒரு வரைவு ஆவணம் தயாரிக்க வேண்டும், ஊரில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். அதில் முதலில் வருவது ஆபத்துகள் பற்றிய பகுதி. மழை கூடினால் உப்பு கெடும், துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வந்தால் சரக்கு நிற்கும் என்று கம்பெனி எப்படியெல்லாம் கெட்டுப்போகக்கூடும் என்பதைக் கம்பெனியே சொல்லும். நான் வாசிக்க வாசிக்க அண்ணாச்சி முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல நாமளே நம்ம பிள்ளைக்கு வலிப்பு உண்டும்போமா? என்ன தம்பி இது?"

"சொல்லாமல் விட்டால்தான் தப்பு சார்" என்றார் அரவிந்த்.

நான் அடுத்ததை வாசித்தேன். கம்பெனி பெரும்பாலும் அதைத் தொடங்கியவரையே நம்பியிருக்கிறது, அவர் இல்லாமல் போனால் தொழில் பாதிக்கும் என்று இருந்தது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒருமுறை பார்த்தார். "நான் செத்தா நஷ்டம்னு போட்டிருக்கிய. இந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சுத் தாங்க, வீட்டுல காட்டணும்" என்றார். அன்றைக்கு அரவிந்த்கூட விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்பு நின்றது தங்கை விஷயத்தில்தான். கம்பெனியைத் தொடங்கியவரின் கூடப்பிறந்தவர்கள் யார் யார், அவர்கள் பான் எண் என்ன, அவர்கள் மேல் வழக்கு உண்டா என்பதெல்லாம் ஆவணத்தில் வர வேண்டும். அண்ணாச்சிக்குக் கூடப்பிறந்தது ஒரே தங்கை, முத்துக்கனி டீச்சர். மணப்பாட்டில் ஒரு கத்தோலிக்க வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்தார். கல்யாணத்தில் வந்த கோபம் நாளாவட்டத்தில் தணிந்திருக்கும். ஆனால் இவர்கள் அம்மா இறந்தபோது மணப்பாட்டுக்குச் சொல்லிவிடவில்லை. அண்ணாச்சியின் சொந்த ஊரிலிருந்து சைக்கிளை மிதித்தால் அரை மணியில் போய்விடக்கூடிய ஊர். பஸ் கண்டக்டர் சொல்லிக் கேள்விப்பட்டு டீச்சர் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆள் அனுப்பியதாகவும் அவன் எங்கேயோ தவறவிட்டதாகவும் ஊரில் பேச்சு. அண்ணாச்சி அதை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் முகம் பார்த்ததில்லை.

"தகவல் வாங்க முடியாவிட்டால் பங்குச் சந்தை ஆணையத்திடம் விலக்குக் கேட்கலாம். சகோதரியோடு எந்த உறவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும். நிறையப் பேர் செய்வதுதான்" என்றார் அரவிந்த். எழுதியும் கொண்டுவந்தார். அண்ணாச்சி அந்தத் தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பேசாம இருக்கோம், நெசந்தான். அதுக்காகத் தங்கச்சி இல்லன்னு அச்சுல ஏத்துவியளா? இப்படி எழுதித்தான் பங்கு விக்கணும்னா எனக்குக் குடோனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." நேரில் போய்க் கேளுங்கள் என்றால் எழுந்து குடோன் பக்கம் போய்விட்டார். எத்தனையோ மாத வேலை ஒரு வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டது. கடைசியில் நான்தான் விவரத் தாள்களோடு மணப்பாடு போனேன்.

முத்துக்கனி டீச்சர் அண்ணாச்சியின் அதே மூக்கோடு கதவைத் திறந்தார். தாள்களை ஒன்று விடாமல் படித்தார். பிறகு கேட்டார்: "எங்கண்ணன் கேட்டு விட்டானா, கம்பெனி கேட்டு விட்டுச்சா?"

"கம்பெனிதான் டீச்சர்."

"அப்பம் சரி. அவன் கேட்டிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு, வாசல்வரை வந்து சொன்னார்: "எனக்கு அவங்கிட்ட ஒரே ஒரு கேள்விதாம்மா. அம்மா செத்தன்னைக்கு ஏன் சொல்லி விடல? நெசத்தச் சொன்னாப் போதும். ஆனா வீட்டுல போய்க் கேட்டா சண்டைக்கு வந்திருக்கான்னு சொல்லுவான், ஊர்ல வச்சுக் கேட்டா மானம் போச்சும்பான். நான் எங்க போய்க் கேக்க?" ஆபீஸுக்குத் திரும்பி வந்து அண்ணாச்சியிடம் கையெழுத்து கிடைத்தது என்றேன், இதையும் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே நின்ற லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருந்தாளா?" என்று கேட்டார். நல்லா இருக்கிறார் என்றேன்.

அனுமதி வந்து, பங்கு வெளியீட்டுக்கு நாளும் குறித்தாயிற்று. இனிமேல் ஒன்றுமில்லை என்று நான் மூச்சு விட்ட நேரத்தில்தான் அண்ணாச்சி அந்த வேலையைச் செய்தார். எங்களுக்குத் தெரியாமல் அழைப்பிதழ் அடித்துவிட்டார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. இன்ன சுபமுகூர்த்தத்தில் எங்கள் கம்பெனியின் பங்கு வெளியீடு தொடங்கவிருப்பதால் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ விண்ணப்பித்துப் பலன் அடையுமாறு கேட்டுக்கொள்கிறோம், தங்கள் நல்வரவை விரும்பும் என்று பேரன் பேத்திகள் பெயரோடு. வெற்றிலை பாக்குத் தட்டை மனைவி கையில் கொடுத்து, தம்பதி சமேதராகக் கடை கடையாய், வீடு வீடாய்ப் போய் வைத்துவிட்டு வந்திருக்கிறார். புதுக்கடை திறந்தால் எங்கள் ஊரில் அப்படித்தானே செய்வோம்?

பங்கு வெளியீட்டுக்கு விளம்பரம் செய்ய ஆயிரம் விதி உண்டு. லாபம் வரும் என்று ஆசை காட்டவே கூடாது. நான் கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். "'பலன் அடைய'ன்னு யாரைக் கேட்டுப் போட்டீங்க?" அண்ணாச்சி என்னைப் பாவமாகப் பார்த்தார். "பின்ன, 'வந்திருந்து நட்டப்பட வேண்டுகிறோம்'னா அடிக்க முடியும்?"

கொடுத்த பத்திரிகை எல்லாவற்றையும் திருப்பி வாங்க வேண்டும் என்றாயிற்று. வைத்த பத்திரிகையைத் திரும்பக் கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான், கல்யாணம் நின்றுபோச்சு. அன்றைக்கு நானும் அவரோடு காரில் சுற்றினேன். போன வீட்டிலெல்லாம் துக்கம் விசாரித்தார்கள். ஒரு மளிகைக்கடைக்காரர் அவர் தோளைத் தட்டி, "விடுங்க அண்ணாச்சி, இதவிட நல்ல எடமா அமையும்" என்றார். திரேஸ்புரத்தில் ஒரு படகுக்காரர் வீட்டம்மா பத்திரிகையை மாதா படத்துக்கு அடியில் வைத்துவிட்டதாகவும், அதை எடுத்தால் ஆகாது என்றும் தர மறுத்தார். மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்து, சமாதானம் செய்து வாங்கிவந்தோம். அண்ணாச்சி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குத்தான் தலைவலி.

எல்லாவற்றையும் எண்ணிக் கட்டியபோது ஒன்று குறைந்தது. அவர் காரின் டாஷ்போர்டிலிருந்து எடுத்துத் தந்தார். உறையில் முத்துக்கனி என்று எழுதியிருந்தது. "இது குடுக்கல. மணப்பாடு வரைக்கும் போனேன். கோயில் மேட்டுல வண்டிய நிறுத்திட்டு, நடந்து அவ தெருவரைக்கும் போனேன். வாசல்ல செருப்பு கெடந்துச்சு, வீட்டுல இருந்தா. திரும்பி வந்துட்டேன்" என்றார். ஆள் இல்லாவிட்டால்தானே திரும்ப வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

வெளியீடு எப்படியோ நல்லபடியாக முடிந்தது. கேட்டவர்கள் அதிகம், பங்குகள் குறைவு. குலுக்கலில் கிடைக்காதவர்கள் அண்ணாச்சியிடம் வந்து, பந்தியில் இலை கிடைக்காதவர்கள் போலக் கோபித்துக்கொண்டார்கள். மும்பையில் சந்தைப் பட்டியலில் பங்கு ஏறிய அன்று அவர் வேட்டியோடு போய், வியாபாரம் தொடங்கும் மணியை அடித்தார். போட்டோவில் பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரும் கைதட்டுகிறார்கள், இவர் மட்டும் மணியின் நாக்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெண்கலம் நல்ல ஜாதி என்று ஊருக்கு வந்து சொன்னார்.

விலை ஏறிய பிறகு இறங்கியது, இறங்கி வெளியீட்டு விலைக்கும் கீழே போனது. அந்தச் சமயத்தில் பங்குதாரர் பட்டியலைச் சரிபார்த்தபோது முத்துக்கனி டீச்சர் பெயரைப் பார்த்தேன். சந்தையில் வாங்கியிருந்தார். உறவினர் வாங்கினால் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் அண்ணாச்சியிடம் சொன்னேன். பட்டியலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "எந்த வெலையில வாங்குனா?" என்று கேட்டார். சொன்னேன். "நட்டத்துலல்லா இருக்கா இப்பம். கொஞ்சம் பொறுத்து வாங்கப்படாது? சின்னப் பிள்ளையிலயே அவசரக்காரி" என்றார். முகம் மட்டும் விளக்கு வைத்தது போல இருந்தது.

அந்த வருஷம்தான் முதல் பொதுக்கூட்டம். வருகிறவர்களுக்கெல்லாம் முந்திரி மக்ரூன் பாக்கெட் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். பங்குதாரர்களுக்கு அன்பளிப்பு தரக் கூடாது என்று தடுத்தேன். டீயோடு தட்டில் வைத்தால் ஆட்சேபணை இல்லை என்றேன். "தட்டுல வச்சா பலகாரம், பொட்டலம் கட்டுனா குத்தமா? என்ன சட்டம் படிச்சியளோ" என்று முணுமுணுத்துக்கொண்டே பாக்கெட்டுகளைப் பிரிக்கச் சொன்னார்.

கூட்டத்தில் எல்லாரும் விலை இறங்கியதைப் பற்றித்தான் கேட்டார்கள். அண்ணாச்சி உட்கார்ந்தபடியே பொறுமையாகப் பதில் சொன்னார். அப்போது பின்வரிசையிலிருந்து முத்துக்கனி டீச்சர் எழுந்து மைக்குக்கு வந்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கையில் வருகைச் சீட்டு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என் பேரு முத்துக்கனி. இந்தக் கம்பெனியில பங்கு வச்சிருக்கேன். சேர்மன் அவர்களுக்கு ஒரு கேள்வி" என்றார். குரல் நடுங்கவில்லை. "எங்கம்மா செத்தன்னைக்கு, பக்கத்து ஊர்ல இருந்த எனக்கு ஏன் ஆள் அனுப்பல?"

நான் அண்ணாச்சியின் பக்கம் குனிந்து, "இது அஜெண்டாவில் இல்லாத கேள்வி. நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அனுமதிக்க முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்று கிசுகிசுத்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஏளா முத்துக்கனி" என்றார். மைக் இருப்பதை மறந்து, முற்றத்தில் நின்று கூப்பிடுகிறவர் போலக் கூப்பிட்டார். "ஆள் அனுப்புனேன், அவன் சொல்லாம விட்டுட்டான்னு ஊருல சொல்லுதாவ. அது பொய். மணப்பாட்டுக்குச் சொல்லி விடவான்னு எங்கிட்டதான் வந்து கேட்டாவ. வேண்டாம்னுட்டேன். அம்மா கடைசி வரைக்கும் ஒம்பேரத்தான் சொன்னா. பக்கத்துல இருந்து பாத்தவன் நான், அவ வாயில எம்பேரு வரல. அந்தக் கோவத்துல சொன்னேன். சாயங்காலம் நீ வந்து வாசல்ல விழுந்து அழுதப்பமே தெரிஞ்சு போச்சு, நான் செஞ்சது பெரிய பாவம்னு. பொறவு சொல்ல வாய் வரல. அவ்வளவுதான்."

டீச்சர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "பதில் வந்துட்டு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த உப்பளத்துக்காரர் ஒருவர் அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அண்ணாச்சியும் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கேள்வி யாருடையது என்றார். உறுப்பினர்களின் கேள்விகளுக்குத் தலைவர் பதிலளித்தார் என்று எல்லாக் கம்பெனியிலும் எழுதும் ஒரு வரி உண்டு, அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் நானும் அதையே எழுதினேன்.

கூட்டம் முடிந்ததும் டீ மேசைக்கு அண்ணாச்சி நேராகப் போனார். தங்கைக்கு அவரே டீ எடுத்துக் கொடுத்தார். தட்டில் இருந்த மக்ரூனை அவர் கையில் திணித்து, "தின்னுட்டுப் போயிரணும். பொட்டலம் கட்டுனா அந்தம்மா ஏசுவாவ" என்று என்னைக் காட்டினார். டீச்சர் சிரித்தார். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு இவர் மணப்பாடு போவதும், ஊர்க்கோயில் கொடை விழாவுக்கு டீச்சர் இங்கே வருவதும் வழக்கமாகிவிட்டது. பொதுக்கூட்டத்துக்கும் தவறாமல் வந்து, டிவிடெண்ட் போதாது என்று மைக்கில் அண்ணனைத் திட்டுவார். குடோன் கட்டி முடித்ததைவிட இதில் அண்ணாச்சிக்குச் சந்தோஷம் அதிகம். நிறைவாக வாழ்ந்தார், நிறைவாகப் போனார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று யோசித்தால், அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்த நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். தப்பிப்போக நான் காட்டிய வழி சட்டப்படி சரியான வழி. இன்றைக்கும் வேறொருவருக்கு அதையே காட்டுவேன், என் தொழில் அது. ஆனால் என்னிடம் யாராவது பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி கேட்டால் இப்போது நான் முதலில் எழுந்து நிற்கிறேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். முத்துக்கனி டீச்சர் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்க் கேட்டார். "ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. பங்கு வச்சிருக்கவங்க கேட்டா சேர்மன் பதில் சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்குல்லா? அதான் அன்னைக்கு வேற வழியில்லாம சொன்னான்னு நான் நெனச்சுக்கிடுவேன். அதுக்காகத்தானே பங்கே வாங்குனேன்."

"அந்தக் கேள்விக்கு அப்படிச் சட்டம் இல்லை டீச்சர்" என்றேன். "பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் நான் அவர் காதில் சொன்னேன்."

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பம் அவனாத்தான் சொல்லியிருக்கான்" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் வீட்டுப் பந்தியில் சோறு போடப் போனார்.